எதிரணிக்காரனின் ஒலிவாங்கி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டி ரயில் புறப்பட்டது. ஜன்னலோர இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்ததும் இவர் என் கையைத் தட்டினார்.

"மெல்லக் கதையும் அப்பா."

இவர் என்றால் என் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை. தமிழரை அடித்த ஒரு கலவரத்தைக் கண்ணால் கண்ட மனுஷன். அதற்குப் பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் தமிழைக் குசுகுசுப்பதே பழக்கமாகிவிட்டது. வீட்டில் வானொலியில் தமிழ்ச் செய்தி போனால்கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டுதான் கேட்பார். எனக்கோ மெல்லப் பேசினால் மூச்சு முட்டும். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையையும் அடக்குகிற ஆசிரியைத் தொண்டை எனக்கு.

"மூண்டு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதெண்டால் நான் வீட்டிலயே நிண்டிருப்பன்" என்று நானும் குசுகுசுத்தேன்.

கண்டிக்கு நூற்று இருபது கிலோமீற்றர். ரம்புக்கனை வரைக்கும் வயலும் தென்னையும்தான். அங்கிருந்து ரயில் முக்கி முனகி மலையேறத் தொடங்கியது. "இஸ்ஸோ வடே, வடே" என்று கூவிக்கொண்டு ஒருவர் இறால் வடைக் கூடையோடு வந்தார். எனக்கு நாக்கு ஊறியது. இவர் விரலால் நாலு என்று காட்டி, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கினார். கடுகண்ணாவையில் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். "ஐயோ, அங்க பாருங்கோ!" என்று கத்தியேவிட்டேன். எதிரில் இருந்த சிங்களப் பெண்மணி சிரித்துக்கொண்டே நன்றாகப் பார்க்கட்டும் என்று எனக்கு இடம் விட்டார். இவர் மட்டும் பெட்டியின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்து மணியளவில் கண்டி. பொலிஸ் சோதனையில் அடையாள அட்டையைக் காட்டி வெளியே வந்தால் மேரி நிற்கிறாள். என்னோடு கொழும்பில் படிப்பித்தவள், கலியாணம் முடித்து மஹய்யாவவுக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் அவளுடைய கணவர் அந்தோணி. துணிக்கடையில் விற்பனையாளர். ஆளைப் பார்க்குமுன்னே குரல் வந்து சேர்ந்துவிடும்.

"வாங்க டீச்சர், வாங்க சார்! இன்னைக்கு மேட்ச் பார்த்துட்டுத்தான் மத்த எல்லாம்!"

நாங்கள் வந்ததே அந்த மேட்ச்சுக்குத்தான். மஹய்யாவத் தமிழ்ப் பொடியன்களுக்கும் பல்லேகலப் பக்கத்துச் சிங்களப் பொடியன்களுக்கும் வருஷா வருஷம் நடக்கிற மென்பந்து கிரிக்கெட். போன வருஷம் நடக்கவில்லை. அதற்கு முந்திய வருஷம் நடந்தது, அடிதடியில் முடிந்தது. காரணம் யார் என்றால், மத்தியானச் சோறு போட்டுக்கொண்டே மேரி புருஷனைக் காட்டினாள்.

"இவருந்தான். அந்தப் பக்கம் பண்டார. ஆளுக்கொரு மைக்கு. தன் ஆளுங்களைத் தூக்கி, அடுத்தவங்களைக் கிண்டல் பண்ணிக் கிண்டல் பண்ணியே சூடேத்திவிட்டுட்டாங்க. கடைசியில கல்லும் போத்தலும் பறந்துச்சு."

அந்தோணி மறுக்கவில்லை. "நாடு இருக்கிற இருப்புல அது வெறும் மேட்ச் சண்டையா இருக்குமா டீச்சர்? ஒரு வாரம் கடை திறக்கப் பயந்தோம். பண்டாரவும் நானும் ஒரு வருஷம் மூஞ்சி பார்க்கல. இந்தத் தடவை பொலிஸ்ல மைக்குக்கு அனுமதி குடுத்துட்டு ஒண்ணு சொன்னாங்க. ஒரு கல்லு விழுந்தா இனி இந்த மேட்ச்சே கிடையாதுன்னு."

அதனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். இனி ஒரே மைக். எந்த அணி துடுப்பெடுத்தாடுகிறதோ, அதற்காக எதிரணிக்காரன்தான் பேச வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும். வாய் தவறித் தன் ஆட்களைப் புகழ்ந்தால் எதிரணி முழுவதுக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"இது நடக்கிற காரியமே?" என்று இவர் என் காதில் சொன்னார். எனக்கும் சந்தேகம்தான்.

தென்னேகும்புரைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, இரண்டு மணிக்கு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் மஹய்யாவ சனம், மறுபக்கம் பல்லேகல ஊர்ச் சனம், நடுவில் இரண்டு பொலிஸ்காரர். தென்னை மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. முதலில் மஹய்யாவ ஆட்டம் என்பதால் மைக் பண்டாரவின் கையில். பஸ் கண்டக்டர். அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பந்து போகுது, போகுது! இடம் விடுங்க! முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! நாலு! இறக்கம், இறக்கம்!"

சிங்களத்திலும் அதே, தமிழிலும் அதே. இரண்டு பக்கமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பொடியன் ஒருவன் பாய்ந்து ஒரு பிடி பிடித்தான். பண்டார தன்னை மறந்து, "எல கிரி மல்லி!" என்று துள்ளினார். நம்ம தம்பி கலக்கிட்டான் என்கிற மாதிரி. அவ்வளவுதான், மஹய்யாவப் பக்கம் முழுவதும் எழும்பி நின்று, "பிளேன்டீ! பிளேன்டீ!" என்று கத்தியது. பண்டார காதைப் பிடித்துக்கொண்டு தேநீர்க் கடைக்கு ஓடினார்.

பிறகு ஊர் அணி ஆடியது. மைக் அந்தோணியிடம்.

"பாருங்க, பந்து எப்படிப் போகுது! பட்டுச் சேலை மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது! தொட்டுப் பாருங்க, சாயம் போகாது!"

போர்க்காலத்தில், ஒரு சிங்கள ஊரின் நடுவில், தென்னை மர உச்சியிலிருந்து தமிழ் இவ்வளவு சத்தமாக வந்துகொண்டிருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையல்லவா அது புகழ்கிறது! இவரைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்து. ஊர் அணி வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். ஆடுகிறவன் நிமல். பந்து போட வந்தவன் ரொபட், அந்தோணியின் ஒரே மகன். மேரி என் கையை நசுக்கிவிட்டாள். "இந்த மனுஷன் என்ன சொல்லப் போறாரோ!"

அந்தோணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். "நிமல் தம்பி, ரெண்டே ஓட்டம். பந்து மேல கண்ணை வை. உன்னால முடியும்ப்பா."

ரொபட் அப்பாவை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிவந்தான். பந்து நிமலின் மட்டையைத் தாண்டி விக்கெட்டைச் சாய்த்தது.

மஹய்யாவப் பக்கம் குதித்தது. ஊர்ப் பக்கம் இளைஞர் சிலர் முகம் இறுகி எழும்பினார்கள். பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். எல்லோரும் மைக்கைத்தான் பார்த்தார்கள். அந்தோணி எச்சில் விழுங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"நிமல் நல்லா ஆடினான்" என்றார். "கடைசிப் பந்து வரைக்கும் நம்மளைத் தூக்கிட்டு வந்தவன் அவன்தான். அவனுக்கு ஒரு கை தட்டுங்க." சிங்களத்திலும் சொன்னார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் ஊர்ப் பக்கம் கை தட்டியது, பிறகு மஹய்யாவ. தட்டல் நிற்குமுன் பண்டார பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார்.

"மேட்ச் முடிஞ்சு! இப்ப நான் சொல்லலாம்! பந்து போட்டது யாரு? அந்தோணி அண்ணன்ட மகன்! பெத்த மகன்! அண்ணன் வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிறார், பாருங்க!" உடனே அதைச் சிங்களத்திலும் சொன்னார்.

ஊர்ச் சனத்துக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எழும்பி நின்ற அதே இளைஞர்கள் ஓடிவந்தார்கள். ரொபட்டை அல்ல, அந்தோணியைத் தோளில் தூக்கினார்கள். நிமலும் ஒரு பக்கம் பிடித்தான். அந்தோணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேலிருந்தபடியே, "எம் மவன்டா! எம் மவன்!" என்று அலறினார்.

"பிளேன்டீ!" என்று மைதானமே கத்தியது.

அந்தத் தேநீரைப் பொலிஸ்காரரும் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வருஷ மேட்ச்சுக்கு அனுமதி கேட்க நேரத்தோடேயே வரச் சொன்னார். பண்டாரவும் அந்தோணியும் கோப்பையோடு கோப்பையை இடித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு பிற்பகல் ரயிலில் புறப்பட்டோம். கொழும்பில் சத்தம் குறைத்த எங்கள் வானொலிப் பெட்டியை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ரயில் மேடையில் மேரியும் அந்தோணியும் கையசைத்தார்கள். வண்டி நகரத் தொடங்கியதும் இவர் திடீரென்று எழும்பி, தலையை வெளியே நீட்டினார்.

"அந்தோணி! அடுத்த வருஷமும் வருவம்! எனக்கும் ஒருக்கா அந்த மைக்கைத் தரவேணும்!"

மேடையில் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் இவருடைய கையைத் தட்டினேன்.

"மெல்லக் கதையுங்கோ அப்பா."

"ஏனாம்?" என்று முன்னதிலும் சத்தமாகக் கேட்டார்.