சிங்க் குழாயில் கிடந்த இறால் ஓடு

என் அப்பா நல்லமுத்து எந்தப் பிளம்பரையும் வீட்டுக்குள் விடமாட்டார். ஒன்றைச் சரிசெய்ய வருகிறவன் இன்னொன்றைத் தளர்த்திவிட்டுத்தான் போவான், அப்போதுதானே மறுபடியும் அவனைக் கூப்பிடுவோம் என்பது அவருடைய கட்சி. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தகர டின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மெஷின் பழுது பார்த்தவர். எங்கள் ஊர் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போய் வருவார். அங்கே ஒரு மெஷின் நின்றால், என்ன கெட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் கைவைத்தது என்று கேட்பாராம். ஓய்வு பெற்றதும் அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

காற்றாடி கிறீச்சிட்டால் யாரோ வேண்டுமென்றே வேகத்தை ஐந்தில் வைத்திருப்பார்கள். சீனி சீக்கிரம் தீர்ந்தால் யாரோ எடுத்திருப்பார்கள். அதற்காகவே சீனி டின்னின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பழுது பார்ப்பதிலும் குறைவில்லை. அவர் பார்த்த குளியலறைக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடியும். சிங்க்கின் சல்லடை உடைந்தபோது புதிதாக வாங்காமல், பழைய கம்பி வலையை வெட்டிப் பொருத்தினார். அதன் ஓட்டை வழியாகப் பாதிச் சமையலே இறங்கிப் போகும். சொன்னால் கோபம் வரும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

போன அக்டோபரில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. அப்பா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஜெயலெட்சுமி பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். விரதம் அவருக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. தொடங்குவதற்கு முதல் நாள் பாத்திரங்களை மாற்றினார். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாயைக்கூடக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டினார். பழைய மீன் வாடை ஒட்டியிருக்கக் கூடாதாம்.

முப்பதாம் நாள் சிங்க் அடைத்துக்கொண்டது. அப்பா வாளியை வைத்துப் படுத்து அந்தக் குழாயைக் கழற்றினார். கருத்த கொழுப்பும் சோறும் கொட்டின. அவற்றோடு ஓர் இறால் ஓடும் விழுந்தது.

அதைக் கழுவி, நாளிதழில் வைத்து, மேசையில் வெயில் படும் இடத்தில் காய வைத்தார். விரதத்துக்கு முதல் நாள் தானே தேய்த்து மாட்டிய குழாய் என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த முப்பது நாளுக்குள் யாரோ இந்த வீட்டில் இறால் தின்றிருக்கிறார்கள். அம்மா வெளுத்த முகத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் இரண்டு வாரம் முன்பு ஆபிஸ் பக்கத்தில் நான் ஒரு மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தேன். ஆனால் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தேன். இறால் என்னுடையது இல்லை. என் பையைப் பிரித்துப் பார்த்தார், டப்பாவை முகர்ந்தார், குப்பைக் கூடையைக் குச்சியால் கிளறினார். முப்பது வயதில் அப்பாவிடம் வாயை ஊதிக் காட்டவேண்டிய நிலைமை எனக்கு. ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கோபத்தைவிட அவருக்குப் பயம்தான் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. "தீட்டுப் பட்ட வீட்லேர்ந்து கொடம் தூக்கக் கூடாதும்மா. நான் மலை ஏறலன்னா ஒங்கம்மாவுக்கு என்னா ஆகும்?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அம்மா அப்போதும் எழுந்து நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். குற்றவாளி தெரிந்து, அவரைக் கோயிலில் மன்னிப்புக் கேட்க வைத்தால்தான் தான் குடம் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டார்.

ஆகவே குழாய்க்குள் ஒரு துண்டு கொசுவலையை வைத்து, தினமும் சாயந்தரம் கழற்றிப் பார்த்தார். அடிக்கடி கழற்றியதில் வாஷர் நைந்தது, மரை தேய்ந்தது, குழாய் ஒழுக ஆரம்பித்தது. முகம்மது கனி ஹார்ட்வேர் கடைக்கு மூன்று தடவை போனார். ஒன்றரை இஞ்சு கேட்டால் ஒன்றேகால் கொடுத்துவிட்டான் என்று கனி மேலும் சந்தேகம். வெள்ளை டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தண்ணீர் சொட்டியது. வலையில் எதுவும் சிக்காதது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகம். இதற்கிடையில் சீனியும் பென்சில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. வீட்டில் யாரும் டீக்குக்கூட அவ்வளவு சீனி போடுவதில்லை.

வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மதியம் அப்பா நாலாவது வாஷருக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் தொழுகைக்காகக் கனி கடையைச் சாத்திவிடுவார் என்பது அவருக்கு மறந்துபோனது. பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

அம்மா சிங்க்கில் ஒரு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓரத்தில் பச்சைப் பூப்போட்ட கிண்ணம், எங்கள் வீட்டுடையது இல்லை. பக்கத்தில் சீனி டின் திறந்திருந்தது. கீழே வாளியில் சொட்டிய தண்ணீரில் மீன் வாடை அடித்தது. நான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அடுப்படிக்கு வந்தபோது, அப்பா ஸ்பேனரும் கையுமாக அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் வாயைத் திறந்தார். "ரத்தம் பன்னெண்டு இருக்க வேண்டியது எட்டுதான் இருக்குன்னு கிளினிக்ல சொன்னாங்க. மீனு, முட்டை எல்லாம் சாப்பிட்டே ஆகணுமாம். நீங்க எனக்காக வெரதம் இருக்கீங்க, ஒங்ககிட்ட போயி இத எப்படிங்க சொல்றது? இந்த வீட்டுக்குள்ள ஒரு வாய்கூட சாப்பிடலங்க. பின்னால ஆசியா அக்கா வாசல்ல நின்னுதான் குடிச்சேன். கிண்ணத்தக் கழுவாம திருப்பிக் குடுக்கத்தான் மனசு வரல."

பக்கத்து வீட்டு ஆசியா பீவி அக்கா இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இறாலோ மீனோ போட்டு சூப் வைத்துப் பின்சந்தில் கொடுத்திருக்கிறார். அம்மா கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாது என்று அதில் சீனி போட்டு அனுப்பியிருக்கிறார். சீனி போன வழியும் தெரிந்துவிட்டது.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஸ்பேனரை மேசையில் வைத்தார்.

"எட்டா?" என்றார்.

"எட்டுதான்."

"எப்ப சொன்னாங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

மூன்று வாரமாகத் தன்னிடம் சொல்ல முடியாமல் ஒருத்தி பின்சந்தில் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறாள் என்பதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சட்டென்று குனிந்து, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். அங்கிருந்துதான் பேசினார்.

"வேண்டிக்கிட்டது நான், வெரதமும் எனக்குதான். கொடத்த நான் தூக்குறேன். நீ உள்ள வந்து உக்காந்து சாப்புடு, ஜெயா. எறா ஓட்ட மட்டும் சிங்க்ல போடாத."

மறுநாள் மதியம் அம்மா எங்கள் மேசையில் உட்கார்ந்து இறால் சூப் குடித்தார். ஒரு மாதமாக வாடையே ஆகாது என்ற அப்பா எதிரிலேயே உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை அவரே எடுத்துப்போய்ப் பின்பக்கக் குழாயில் கழுவினார். சீனி டின்னைத் திறந்து, கிண்ணம் ததும்பத் ததும்ப அள்ளிப் போட்டார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆசியா பீவி அக்காவின் வாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தவர், டின்னை எடுத்து, சீனி இப்போது இருக்கும் மட்டத்தில் பென்சிலால் புதுக் கோடு ஒன்று போட்டார்.