கோரைக்குள் கேட்ட விசில்

இதை யாரும் இட்டுக்கட்டவில்லை. தெற்கு டகோட்டாவில், வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் நாளில், பண்ணைக்காரி ஆர்டிஸ் வில்ஹவருக்கு நடந்தது. இருட்டில் கண் ஏமாற்றியது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நடந்தபோது வானத்தில் சூரியன் இருந்தது.

வருடா வருடம் அக்டோபரில், ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டை திறக்கும் அன்று மாலை, அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்கள் ஆர்டிஸின் டிராக்டர் கொட்டகையில்தான் கூடுவார்கள். ஒரு பக்கம் கோழிகளை உரிக்க உரிக்க இறகு குவியும். இன்னொரு பக்கம் பீர் பெட்டி காலியாகும். அன்றைய அனுபவத்தை ஆளுக்கொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். அந்த வருடம் பக்கத்துப் பண்ணை லைல் கோஸ்டல்தான் ஆரம்பித்தான்.

"காலையிலருந்து ஒரு சேவல்கூட எந்திரிக்கல. சரி, ஒதுங்கிட்டு வரலாம்னு பேன்ட் ஜிப்ப எறக்கினேன் பாரு... காலுக்கடியிலருந்து ஒண்ணு கெளம்புச்சு! அரைகெஜம் வால்!"

"துப்பாக்கி?" என்றான் ஒருவன்.

"வேலியில சாத்தி வெச்சிருந்தேன்."

"சேவல்?"

"என் தலைக்கு மேல. சிரிச்சுக்கிட்டே போச்சுடா!"

கொட்டகையே அதிர்ந்தது. சிரிப்பு ஓய்ந்ததும், மினியாபொலிஸிலிருந்து புதிதாக வந்திருந்த கார்டி ஒரு கேள்வி கேட்டான்.

"கோழி பூரா அந்தக் கோரைக்குட்டையிலதான போய் எறங்குச்சு? ஏன் ஆர்டிஸத் தவிர ஒருத்தரும் உள்ள போகல?"

லைல் தன் பீர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு ஆர்டிஸ். அவனும் தெரிஞ்சுக்கட்டும்" என்றான் கடைசியில்.

ஆர்டிஸ் சொன்னாள். அது இதுதான்.

அதற்கு முந்தைய வருடம்தான் அந்தக் குட்டை அவள் கைக்கு வந்தது. பழைய சொந்தக்காரர் எமில் ஸாகர் ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அவர் மகன் நிலத்தை விற்றான், அவள் வாங்கினாள். அவளுக்கு எதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. குளிர் தாங்கவில்லை என்று புருஷன் அரிசோனாவுக்குக் கிளம்பியபோது, "போறவன் போ, நிலம் எங்கயும் வராது" என்று சொல்லிவிட்டு மறுநாள் விதைக்கப் போனவள். கூட இருந்தது மேபல் மட்டும். செம்பழுப்பு நிற நாய். குட்டியிலிருந்து அவளே வளர்த்தது.

அதே வருடம், வேட்டை திறந்த முதல் நாள், மக்காச்சோளக் கொல்லைகளை எல்லாரும் நடந்து முடித்த பிறகு, ஆர்டிஸ் குட்டையைப் பார்த்துத் திரும்பினாள்.

"வேணாம்" என்றான் லைல். "எமில் இருந்தப்பவே யாரையும் உள்ள விட்டதில்ல. அவரு போனதுக்கப்புறம் எறங்கினவன் நான் ஒருத்தன்தான். என் நாய் ரஸ்டி உள்ள போச்சு. வெளிய வரல."

"ஓநாய் தூக்கியிருக்கும்."

"ஓநாய் தூக்கினா நாய் கத்தாதா? ஒரு சத்தம்கூட வரல ஆர்டிஸ்."

"என் நிலம். வரி நான் கட்டுறேன். எனக்குப் பயமா இருந்தா சோளம் விதைக்கவே வந்திருக்க மாட்டேன்."

லைல் சாலையோரம் வண்டியிலேயே இருந்துகொண்டான். ஆர்டிஸ் ஆரஞ்சுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். சூரியன் அடைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

உள்ளே வேறு உலகம். சம்பங்கோரை தலைக்கு மேல் நின்றது. வெளியே வீசிய காற்று இங்கே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்து, "ச்சளப்" என்று விட்டது. முன்னால் மேபலின் கழுத்து மணி மட்டும் கேட்டது. கிணிங்... கிணிங்...

மணி நின்றது. மேபல் கோழியைக் கண்டுவிட்டாள்.

"கொக்... கொக்... கொக்!"

சேவல் செங்குத்தாக எழும்பியது. ஆர்டிஸ் சுட்டாள். கோழி கோரைக்கு அப்பால் விழுந்தது. எடுத்து வர மேபல் ஓடினாள். கிணிங், கிணிங், கிணிங்...

மணி நின்றது.

ஆர்டிஸ் காத்திருந்தாள். மேபல் வரவில்லை.

அப்போதுதான் அந்த விசில்.

ஃப்வீட்... ஃப்வீட்... ஃப்வீஈஈஈட்.

இரண்டு குட்டை விசில், ஒரு நெட்டை விசில். வாயால் அடித்தது.

"லைல்! என் நாயை ஏன்டா குழப்புற?" என்று கத்தினாள்.

பதில் முதுகுக்குப் பின்னால், தூரத்தில், சாலைப் பக்கமிருந்து வந்தது. "நான் ஒண்ணும் செய்யலயே! யாரு விசில் அடிச்சது?"

விசில் முன்னாலிருந்து வந்திருந்தது.

மணி மறுபடி கேட்டது. அவளை நோக்கி அல்ல. விலகி, விலகி, குட்டையின் நடுவுக்கு.

ஆர்டிஸ் ஒருநாளும் மேபலை விசிலுக்குப் பழக்கியதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்த நாய்க்கு விசில் என்றால் என்னவென்றே தெரியாது.

கோரையை விலக்கிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் கோரை விலகி, சின்ன வெட்டவெளி. மேபல் அங்கே உட்கார்ந்திருந்தாள். வாயில் கோழி. முகத்தை நிமிர்த்தி, எதிரே யாரோ நிற்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் சேற்றை அடித்தது.

எதிரே யாரும் இல்லை.

மேபலின் காதுகள் மெல்லத் தலையோடு படிந்தன. பின்பு எழுந்தன. மறுபடி படிந்தன.

ஒரு கை தடவிக்கொடுத்தால் எப்படிப் படியுமோ, அப்படி.

ஆர்டிஸ் ஓரடி பின்வாங்கினாள். மேபல் வாயைத் திறந்து கோழியை விட்டாள்.

கோழி கீழே விழவில்லை.

கால்கள் மேலே, தலை கீழே, அந்தரத்தில் தொங்கியது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. யாரோ தூக்கிப் பிடித்து, நல்ல கோழிதானா என்று பார்ப்பதுபோல...

பிறகு பொத்தென்று விழுந்தது.

ஃப்வீட்... ஃப்வீட்... ஃப்வீஈஈஈட்.

மேபல் எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தாள். குட்டையின் ஆழமான இடம் அதுதான். அடியில் சேறு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

"மேபல்!"

திரும்பவில்லை.

"மேபல், வா இங்க!"

தண்ணீர் நாயின் வயிற்றைத் தொட்டது. நெஞ்சைத் தொட்டது.

அந்த நொடியில் ஆர்டிஸின் பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. வந்தது கோபம். துப்பாக்கியைக் கோரைமேல் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தாள். இடுப்பளவு. ஐஸ். எட்டி, மேபலின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள்.

பட்டைக்குள் ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தன. எலும்பும் தோலுமான, வயசான விரல்கள். அவள் விரல்களோடு உரசின.

"விடு" என்றாள்.

அந்தப் பக்கம் இழுத்தது.

அவள் இந்தப் பக்கம் இழுத்தாள். நடுவில் மேபலுக்கு மூச்சு இறைத்தது.

"நீ யாரா வேணா இரு. செத்தவனா இரு, சாத்தானா இரு. இது என் நாய். நான் எறங்குனது என் குட்டை. புருஷன் போயும் ஒரு பிடி மண்ணு விடாதவ நான். உனக்கு நாயை விடுவேனா? பொழுது சாயட்டும், பனி கொட்டட்டும், இங்கயே நிப்பேன். முடிஞ்சா நீயும் நில்லு!"

பிடி இறுகியது.

பட்டையை விட்டாள். இரண்டு கைகளாலும் மேபலைக் கட்டிப்பிடித்தாள். கால்களைச் சேற்றில் ஊன்றி, இருக்கிற பலமெல்லாம் சேர்த்துப் பின்னால் சாய்ந்தாள்.

சூரியன் கோரை நுனியைத் தொட்டது.

யாரோ சிரித்தார்கள்.

கிட்டத்தில். காதருகே. சின்னதாக, ஒரு தடவை.

பிடி விட்டது.

நாயும் அவளுமாகத் தண்ணீரில் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்தபோது குட்டை வெறும் குட்டையாக இருந்தது. காற்றில் கோரை சலசலத்தது.

ஆர்டிஸ் துப்பாக்கியை எடுத்தாள். இரண்டடி நடந்து நின்றாள். திரும்பிப் போய், விழுந்து கிடந்த கோழியையும் எடுத்துக்கொண்டாள். அதுவும் அவள் சுட்டதுதானே.

சாலையில் லைலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருகிட்ட அப்படிக் கத்திட்டிருந்த?"

"தெரியல."

"என்ன ஆச்சு?"

"நாய் யாருகிட்ட இருக்குன்னு பாரு" என்றாள். மேபலை ஏற்றிவிட்டுத் தானும் வண்டியில் ஏறினாள்.

வீட்டில் மேபலைத் துவட்டும்போதுதான் பார்த்தாள். பிடரியில் ஓரிடத்தில் முடி கொத்தாகப் பிய்ந்து, தோல் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆர்டிஸ் மேபலைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அதே குட்டையில் இறங்கினாள். வேண்டுமென்றே. நடுவெளியில் நின்று, "வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் குளிரில் மூளை கலங்கியதென்று அவளே சமாதானமாகியிருப்பாள்.

வியாழக்கிழமை எமில் ஸாகரின் அடக்கம். ஆமாம்... குட்டையில் அத்தனையும் நடந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். மூன்று மணி நேரக் கார் தூரத்தில், சூ ஃபால்ஸில், முதியோர் மருத்துவ இல்லத்துப் படுக்கையில். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வலது கை அசைந்ததில்லை. பேச்சும் இல்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். எமிலின் மகள் கொலீன் ஆர்டிஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"கடைசி நேரத்துல நான் கூட இருந்தேன் ஆர்டிஸ்" என்றாள். "போன சனிக்கிழமை. சாயங்காலம் ஆகப்போகுது. திடீர்னு உதட்டைக் குவிச்சு விசில் அடிக்க ஆரம்பிச்சுட்டார். ரெண்டு குட்டை, ஒண்ணு நெட்டை. நாயைக் கூப்பிடுற மாதிரி."

ஆர்டிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் அந்த வலது கை எந்திரிச்சுது. யாரோடயோ மல்லுக்கட்டுற மாதிரி இழுக்குறார். நர்ஸும் நானும் சேர்ந்து பிடிச்சும் மடக்க முடியல. கடைசியில சின்னதா ஒரு சிரிப்பு. 'பிடிவாதக்காரி'ன்னு சொன்னார். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த ஒரே வார்த்தை. அம்மாவை நினைச்சுத்தான் சொல்றார்னு நினைச்சேன். உடனே போயிட்டார். ஜன்னல்ல வெயில் எறங்கிட்டிருந்துச்சு."

கொலீன் கைப்பையைத் திறந்தாள்.

"அப்புறம் கையை விரிச்சோம்... உள்ள இது இருந்துச்சு. அந்த இடத்துல நாய், பூனை எதையும் விட மாட்டாங்க. எப்படி வந்துச்சுன்னே புரியல. தூக்கிப் போடவும் மனசு வரல."

மடித்த காகிதத் துடைப்பான். அவள் அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு கொத்து முடி. செம்பழுப்பு.

ஆர்டிஸ் கையை நீட்டினாள்.

"அது என் நாயோடது. குடு."

கொலீன் காகிதத்தோடு அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்தக் காகிதம் இன்னும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.