முகத்துவாரத்தில் நான் கலந்தது

கடலைக் கெடுத்தவள் நான். ‘நாமெல்லாம்’ என்று உங்களையும் சேர்த்துக்கொண்டு தப்பிக்கப் போவதில்லை. நான்தான்... என் கையால்தான்!

கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை ஆராய்வது என் தொழில். பிளாங்க்டன் என்போம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீன்குஞ்சு முதன்முதலில் தின்பது அதைத்தான். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீரெடுப்பேன், நுண்ணோக்கியில் பார்ப்பேன், அறிக்கை எழுதுவேன். வீடு திரும்பினால் எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளரும் நானே.

பெருமழையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும். அப்போது என்ன செய்வோம் தெரியுமா உங்களுக்கு? கழிவுத் தொட்டியில் மோட்டாரை இறக்கி, குழாயைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டுவிடுவோம். கொட்டுகிற மழையில் யார் பார்க்கப் போகிறார்கள்? வடிகால் ஆற்றுக்குப் போகிறது. ஆறு எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாதா?

“மேடம், பாத்ரூமெல்லாம் பொங்குது! சீக்கிரம் மோட்டாரப் போடுங்க!” என்று ஒரு பெருமழை நாளில் தரைத்தளத்துக்காரர் அலறினார். போட்டேன். நின்று, காலியாகும்வரை பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன்.

முன்பு மழை விட்டுவிட்டுப் பெய்யும். கடலும் ஓரளவு தாங்கும். இப்போது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மறுநாளே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சூடேறிய கடலில் இத்தனை தெருக்களின் கழிவும் போய் விழுந்தால்? அதையே உரமாகத் தின்று மிதவைப் பாசி வெறிகொண்டு பெருகிற்று. நீர் பச்சைக் குழம்பாயிற்று. பிறகு பாசி செத்து அழுகி, நீரிலிருந்த உயிர்க்காற்றையும் தீர்த்தது. கரையோர மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.

அறிக்கையில் நான் எழுதியது: ‘நிலத்திலிருந்து வந்த சத்துகள் காரணம், மூலம் கண்டறியப்படவில்லை.’ த்தூ! உன் வீட்டுக் கழிப்பறைதானடி மூலம்!

இதோடு முடிந்திருந்தால்கூட... இல்லை, கேளுங்கள்.

முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து எங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவருபவள் செல்வி. அந்த வாரமும் கூடையோடு வந்தாள். “சாக்கடை மீன உள்ள விடாதீங்க!” என்று கத்தியவர் யார் தெரியுமா? அதே தரைத்தளத்துக்காரர்! ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்! அதன் நடுவில் நானும் நின்றேன்.

செல்வி என்னிடம் திரும்பினாள். “இன்னாக்கா, நீயே பாரு. இது ஆழத்துல புடிச்சது. கடலப் பத்திப் படிச்சவதான நீ? மீனு நல்லாத்தான் கீதுன்னு இவங்களாண்ட ஒரு வார்த்த சொல்லுக்கா.”

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. பழுதில்லாத மீன்.

ஒரே ஒரு வார்த்தை! சொல்லியிருந்தால், சாக்கடை யாருடையது என்று அடுத்த பேச்சு வந்திருக்கும். என் பெயர், என் வேலை, என் மரியாதை... அவ்வளவும் அந்தக் கூடைக்கு முன்னால் நடுங்கின.

“கொஞ்ச நாளைக்கு வேணாம் செல்வி. தண்ணி சரியில்ல. சரியானதும் நானே சொல்றேன்.”

“நீ சொன்னா சரியாத்தாங்க்கா இருக்கும்” என்றாள். கோபமே இல்லை அவளுக்கு! குப்பத்திலும் போய் என் பேச்சை நம்பிச் சொல்லியிருக்கிறாள். மற்றப் பெண்களும் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மன்னிப்பா? நான் கேட்கவில்லை. கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? அதற்குப் பிறகும் மழை வந்தது. பிறகும் மோட்டாரைப் போட்டேன்.

செல்வி இப்போது கே.கே. நகரில் யார் வீட்டிலோ பாத்திரம் துலக்குகிறாள். சென்ற வாரம் பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

“அக்கா, தண்ணி சரியாயிடுச்சா? நீ ம்னு சொல்லு, நாளைக்கே கூடையத் தூக்கிருவேன்.”

“இன்னும் இல்ல, செல்வி.”

சரியென்று தலையாட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.