ஸ்டிக்கரைக் கழற்றமாட்டேன்

அன்று நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவில் இருந்து, மாதாகோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் பிந்தித்தான் போனோம். கார் விட இடமில்லை. கோயிலுக்குப் பக்கத்து வீட்டு வாசலை மறித்துக் காரை விட்டேன்.

"பூசைக்குத்தானே வந்தனாங்கள், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று கணவரிடம் சொன்னேன்.

நற்கருணைக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண் உள்ளே ஓடிவந்தார். "'இயேசு வாழ்கிறார்' என்று பின்கண்ணாடியில் ஒட்டிய கார் யாருடையது? அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது, அம்புலன்ஸ் வாசலுக்கு வர முடியவில்லை!"

என்னுடையதுதான். எல்லாரையும் இடித்துக்கொண்டு ஓடிப்போய்க் காரை எடுத்தேன். நல்லகாலம், அந்தப் பெண்ணின் அப்பா பிழைத்துவிட்டார்.

வீடு திரும்பும்போது கணவர், "உந்த ஸ்டிக்கரைக் கழட்டுவம். அது இல்லாட்டி நாங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கழட்டமாட்டன்! பிழை விட்டது நான். ஸ்டிக்கர் என்ன செய்தது?"

கோயிலிலும் சிலர் கழற்றத்தான் சொன்னார்கள். கேட்கவில்லை. இப்போது காரைத் தூரத்தில் விட்டு, பனியிலும் நடந்து போகிறேன். பிந்தினால் பாதிப் பூசைதான் கிடைக்கும், கிடைக்கட்டும். ஸ்டிக்கர் அங்கேயே இருக்கிறது. அந்தப் பெண் என் காரை அடையாளம் கண்டால், நன்றாகப் பார்க்கட்டும்.