பதினோரு ஒன்றுகள்

ஜெயலட்சுமி டீச்சர் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, விருதுநகர் பேருந்து நிலையத்தில் சிவகாசி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உடம்பு முடியாமல் இருந்த அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அதே பஸ்ஸில் ஏறினேன், மாலை வாங்கிக்கொண்டு.

திருத்தங்கல் பள்ளியில் நாங்கள் இருவரும் கணக்கு ஆசிரியைகள். அவர் அதிகம் பேசமாட்டார் என்பது உடன் வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அதைத் தலைக்கனம் என்றீர்கள். ஒரே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் என்னிடம் நிறையப் பேசியிருக்கிறார்.

அவர் கணவர் முருகேசன், எம்.புதுப்பட்டி ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளி சீசனில் ஓர் அறை வெடித்தது. உள்ளே கிடந்தவர்களை இழுக்கப் போனவர் வெந்துபோனார். மதுரையில் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் மனைவியிடம் சொல்வாராம்: “வீட்டுப் பேச்சு வேண்டாம் ஜெயா. கம்பெனிப் பேச்சும் வேண்டாம். வேற ஏதாச்சும் சொல்லு.”

டீச்சருக்கு வாயில் வந்தது கணக்கு. வரிசையாகப் பதினோரு ஒன்றுகள். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே சொச்சம். இது வேறு எண்ணால் வகுபடுமா, இல்லை பகா எண்ணா?

“உடையாது, பாத்துக்கோ” என்றாராம் முருகேசன்.

நான் பார்க்கப் போன அன்று, வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கம் டீச்சர் வகுத்துக்கொண்டிருந்தார். “எல்லா எண்ணையும் வச்சுப் பாக்க வேண்டாம் டீச்சர். இதை வகுக்கிற பகா எண் எதுவானாலும், அதை இருபத்திரண்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும். இருபத்துமூணு, அறுபத்தேழு, எண்பத்தொன்பது, அப்படியே மேல போகணும்” என்று என்னிடம் சொன்னார். இருபத்துமூன்றால் வகுத்தால் பத்து மீதி.

கொசுவலைக்குள்ளிருந்து குரல் வரும். “மீதி எம்புட்டு?” ஒவ்வொரு முறையும் ஏதோ மீதி வந்தது. அவர் முகத்தில் அசையக்கூடிய பகுதி சிரித்தது.

எண்கள் சில ஆயிரங்களைத் தாண்டியிருந்தபோது முருகேசன் போய்விட்டார்.

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த டீச்சர், மதிய இடைவேளைகளில் மறுபடி வகுக்கத் தொடங்கினார். “பிரவுசிங் சென்டர்ல தட்டினா ஒரு நிமிசத்துல விடை வந்துரும்” என்றேன்.

“தெரிஞ்சாலும் சொல்லிராதீக.”

பல மாதம் கழித்து ஒரு மதியம் பென்சிலைக் கீழே வைத்தார். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதில் மீதியில்லாமல் போயிருந்தது. ஈவு ஐந்து லட்சத்துச் சொச்சம். நான் கைகொடுக்கப் போனேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“உடையாதுன்னு நம்பிக்கிட்டே போனாக டீச்சர். உடைஞ்சு போச்சே.”

கணவர் செத்தபோது அழாதவர் அன்று அழுதார். பிறகு அந்த எண்ணைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அடுத்த ஆண்டு தாயில்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் எங்கள் பள்ளி ஆயா தன் மகனைப் பறிகொடுத்தார். விதி என்றோம், மனதைத் தேற்றிக்கொள் என்றோம். டீச்சர் மட்டும் அந்த அம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “பேசட்டுமா, சும்மா இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

“சும்மா இருங்க டீச்சர்.”

பொழுது சாயும்வரை சும்மா இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அவரைக் கிடத்தியிருந்த வீட்டில், அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்டேன்.

“பேசுங்க அத்தை” என்றாள். “அம்மா எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல.”

பேசினேன்.