ஜெயித்த ஆட்டம், நனைந்த உப்பு

இன்று மதியம் உப்பளத்தில் மொபைலில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். திடீரென்று கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது.

பதினைந்து நாளாக வாரிக் குவித்த உப்பு திறந்தே கிடந்தது. காற்றில் தார்ப்பாயை ஒருவரால் இழுத்து மூட முடியாது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மனைவி கத்தினாள்: "வந்து அந்தப் பக்கம் புடிங்க!"

"ரெண்டே மூவ்தான், ராஜாவ மடக்கிட்டேன்" என்றேன்.

மடக்கினேன். நிமிர்ந்தபோது மழை கொட்டியது. மூடி முடிப்பதற்குள் பாதிக் குவியல் கரைந்து வாய்க்காலில் ஓடிவிட்டது.

நனைந்தபடி நின்றபோது, ஆட்டத்தை அலசி செஸ் ஆப் அனுப்பிய ரிப்போர்ட் போனில் வந்தது. அவள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள்: "தாக்குதல் அருமை. நல்ல முன்னேற்றம். வரும் ஆபத்தைத் தாமதமாகக் கவனிக்கிறீர்கள்."

"இதுக்கு எதுக்கு ஆப்பு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

ரேட்டிங் எட்டுப் புள்ளி ஏறியிருக்கிறது. வாழ்த்துகிறவர்கள் வாழ்த்தலாம்.