மோட்டாருக்கு ஒரு நாள் ஓய்வு

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சாமல்பட்டியில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பெட்டியோடு ஓசூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஜூஜுவாடியில் ரூம் எடுத்துத் தனியாக இருக்கிறேன் என்று அவரும், புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர் என்று அப்பாவும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மல்லுக்கட்டுவார்கள். எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை பெங்களூரிலிருந்து கண்ணாடித் தொட்டியும் அதில் விட ஒரு குட்டி ஏஞ்சல் மீனும் வாங்கிவந்தார். கடல் மீன். ஊதா உடம்பு, வயிற்றோரம் ஆரஞ்சு, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கென்றே விற்கிற உப்பை அளந்து கரைப்பார். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுவார்.

"கடலே இல்லாத ஊர்ல கடல் மீனா? ஒரு மாசம் தாங்காது," என்றார் அப்பா.

எட்டு மாதம் தாங்கியது. "பரவால்ல, பொறுப்பாத்தான் பாத்துக்கறா. தீபாவளி போகட்டும், ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டு, அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னவள் நான்தான். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் லேத்துப் பட்டறையில் மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். "நாளைக்குக் காலைலதான் இனி சுவிட்சத் தொடணும். இன்னிக்கு மெஷினுக்கெல்லாம் ஓய்வு," என்றார் அப்பா.

எனக்கு ஒன்பது வயது. பக்தி தலைக்கேறிவிட்டது. அத்தை ராயக்கோட்டையில் தோழி வீட்டுக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். மீன் தொட்டியின் மேல் மாட்டியிருந்த மோட்டாரும் மெஷின்தானே? ராப்பகலாக ஓடுகிறதே, பாவம். பிளக்கைப் பிடுங்கி, அதற்கும் பொட்டு வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பொரி தின்னப் போனேன்.

அந்த மோட்டார்தான் தண்ணீரைச் சுழலவிட்டு மீனுக்கு மூச்சுக் கொடுக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அத்தையோடு நானும் உள்ளே போனபோது மீன் வெளுத்துப்போய் மல்லாந்து கிடந்தது. அத்தை பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. அத்தை துப்பட்டாவால் பொட்டை அழுத்தித் துடைத்தார்.

"என்னாச்சும்மா?"

"நாந்தாண்ணா, கெளம்புற அவசரத்துல மோட்டார ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டேன்."

அப்பா குனிந்து தொட்டியைப் பார்த்தார். "ஒரு மீனப் பாத்துக்கத் துப்பில்ல. இவ தனியா ரூம் எடுத்து இருக்கப் போறாளாம்."

 அடி தப்பியதில் எனக்கு உயிரே திரும்பி வந்தது. அன்று அத்தை சாப்பிடவில்லை. மீனுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து என் பங்குச் சுண்டலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

அந்த மாதமே மாமா வந்து அவரை அழைத்துப்போனார். பஸ் ஸ்டாண்டில், அத்தையின் அறை இனிமேல் எனக்குத்தான் என்ற குஷியில் நின்றிருந்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் முதுகில் நாலு அடி விழுந்திருக்கும், அத்தை ஜூஜுவாடிக்குப் போயிருப்பார் என்பது, பஸ் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.